கதவைத் திறந்துவிட்டவர்கள்

('ஆல் அபவுட் ஈவ்' திரையிடலுக்குப் பிறகு திரைப்பட ரசிகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டேகால் மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, விளக்கு போட்ட பிறகும் எழுந்து போகாமல் இருக்கிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. வெளியே டீ தயார் என்று அறிவித்த பிறகும் இருக்கிறீர்கள் என்பது இன்னும் பெரிய விஷயம்.

படம் முடிந்ததும் எனக்குப் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "அந்தப் பொண்ணு பெரிய நடிகைன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க, ஒரு சீன்கூட நடிச்சுக் காட்டலையே!" மூன்று நாளாகக் குறிப்பெடுத்து நான் தயார் செய்து வந்திருந்த உரையின் பாதியை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தாமதமாக வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க், பிராட்வே. மார்கோ சானிங் பெரிய நாடக நடிகை, வயது நாற்பது. அவள் நாடகத்தை ஒரு நாள் விடாமல் பார்த்துவிட்டு அரங்கின் பின்வாசலில் நிற்கிறாள் ஈவ் ஹாரிங்டன் என்ற ஏழைப் பெண். மார்கோவின் தோழி கேரன், நாடக ஆசிரியர் லாயிடின் மனைவி, இரக்கப்பட்டு அவளை உள்ளே அழைத்து வருகிறாள். வந்தவள் மார்கோ வீட்டிலேயே தங்கி அவளுக்கு உதவியாளராகிறாள். பிறகு மார்கோவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மேடையேற வேண்டிய மாற்று நடிகையாகிறாள். ஒரு நாள் மார்கோ வந்து சேர முடியவில்லை, ஈவ் மேடையேறுகிறாள். விமர்சகர் அடிசன் டிவிட் அவளைத் தூக்கி எழுதுகிறான். மார்கோவுக்காக லாயிட் எழுதிய புதிய வேடம் ஈவுக்குப் போகிறது, அந்த ஆண்டின் சிறந்த நடிகை விருதும் போகிறது. படம் அந்த விருது விழாவில்தான் தொடங்குகிறது. விருதை வாங்க அவள் கை நீளும் கணத்தில் காட்சி உறைந்து நிற்க, கதை பின்னோக்கிப் போகிறது.

1950இல் ட்வென்டியெத் செஞ்சுரி ஃபாக்ஸ் தயாரித்து, ஜோசப் மேன்கிவிட்ஸ் எழுதி இயக்கிய படம். நாடகக்காரர்களைப் பற்றிய படம் என்றால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் இதில் நாடகமே இல்லை. ஒப்பனை அறை இருக்கிறது, பக்கத் திரை இருக்கிறது, வரவேற்புக் கூடம் இருக்கிறது, விருந்து இருக்கிறது, உணவகம் இருக்கிறது. மார்கோ திரை விழும்போது கும்பிடு போடுவதை மட்டும் பக்கத்திலிருந்து காட்டுகிறார்கள். அவள் எப்படிப்பட்ட நடிகை என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. ஈவின் வாழ்க்கையை மாற்றிய அந்த இரவு, மார்கோ இல்லாமல் அவள் மேடையேறிய இரவு, படத்தில் வரவே இல்லை. அந்த நேரத்தில் நாம் பனியில் நின்றுபோன காரில் உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்கு விருது வாங்கித் தந்த கோரா என்ற அந்தப் புதிய வேடத்திலும் ஒரு வசனத்தைக்கூட நாம் கேட்கவில்லை.

இது மறதியால் நடந்ததில்லை. மேடையில் அவளைக் காட்டியிருந்தால் நாம் மார்க் போட ஆரம்பித்துவிடுவோம். இவள் உண்மையிலேயே கெட்டிக்காரியா, மார்கோவைவிட மேலா கீழா என்று கணக்குப் பார்ப்போம். நல்லா நடிக்கிறாள் என்று தோன்றிவிட்டால் அவள் செய்ததை மன்னித்துவிடவும் செய்வோம். நம் எல்லோருக்கும் அந்தப் பலவீனம் உண்டு. அந்தக் கணக்கே மேன்கிவிட்ஸுக்கு வேண்டாம். மேடையில் நடந்ததை மறைத்துவிட்டு, மேடைக்கு வெளியே ஈவ் நடித்த நாடகம் முழுவதையும் நமக்குக் காட்டினார்.

அவளுடைய முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒப்பனை அறை. மார்கோ தலைமுடியை இழுத்துக் கட்டியிருக்கிறாள், முகமெல்லாம் கிரீம், உடம்பில் பழைய அங்கி. ரசிகை ஒருத்தி நேரில் பார்க்கக் கூடாத கோலம். எதிரே மழைக்கோட்டும் ஒரு மாதிரியான தொப்பியுமாக ஈவ். விஸ்கான்சினில் ஒரு பண்ணை, வீட்டுக்கு ஒரே பிள்ளை, சின்ன வயதிலிருந்தே வேடம் போட்டு விளையாடும் பழக்கம், மில்வாக்கியில் பீர் ஆலை ஒன்றில் காரியதரிசி வேலை, எடி என்ற கணவன், யுத்தம், அவனைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன இடத்தில் அவன் இறந்த செய்தி, அந்தத் துக்கத்தில் ஒரு நாள் மார்கோவின் நாடகம். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. அழுகையை அடக்குகிறவள் போலப் பேசுகிறாள். அறையில் ஒருவரும் அசையவில்லை. மார்கோ கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

ஒருத்தி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. பேர்டி. மார்கோவுக்கு உடை எடுத்துக் கொடுக்கும் வேலைக்காரி, ஒரு காலத்தில் வாட்வில் என்ற கதம்ப மேடை நிகழ்ச்சிகளில் ஆடியவள். கதை முடிந்ததும், இவ்வளவும் வந்த கதையில் வேட்டை நாய் துரத்தும் கட்டம் மட்டும்தான் பாக்கி என்கிற மாதிரி ஒன்று சொல்கிறாள். மார்கோ அவளைக் கடிந்துகொள்கிறாள். பேர்டியும் மன்னிப்புக் கேட்கிறாள். அறையில் இருக்கும் நாடக மேதைகள் யாருக்கும் தெரியாதது, மலிவு மேடையில் ஆடிய வேலைக்காரிக்குத் தெரிந்துவிட்டது. எழுதி மனப்பாடம் செய்த வசனம் எது என்று அவள் காதுக்குத் தெரியும். தெல்மா ரிட்டர் நடித்த அந்தப் பாத்திரம் படத்தின் நடுவில் எங்கோ காணாமல் போய்விடுகிறது. கவனித்தீர்களா? அவளைக் கடைசிவரை வைத்திருந்தால் கதை ஓடாது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். எனக்கு அது படத்தின் ஒரு குறையாகவே படுகிறது.

சரி, ஈவ் திருடி என்று பொதுவாகச் சொல்வார்கள். நன்றி கெட்டவள், பாம்பு என்றெல்லாம். நான் முதல் முறை பார்த்தபோது அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ பார்க்கும்போதுதான், அவள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லையே என்று தோன்றியது. பின்வாசல் கதவைத் திறந்தது கேரன். வீட்டுக் கதவைத் திறந்தது மார்கோ. மாற்று நடிகை வேலைக்குச் சிபாரிசு செய்ததும் கேரன், கொடுத்தவர் வயிற்றெரிச்சலுக்கு மருந்து குடித்துக்கொண்டே அலையும் தயாரிப்பாளர் மேக்ஸ். புகழ்ந்து எழுதியது அடிசன். ஒவ்வொரு கதவும் உள்ளே இருந்துதான் திறந்தது. திறந்தவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது, எதிலும் ஈவின் நன்மை பெரிய பங்கு வகிக்கவில்லை. எனக்கு இந்தப் படத்தின் உண்மையான கதை இதுதான்.

கேரனைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செலஸ்ட் ஹோம் அவளாக நடித்தார். கேரன் நடிக்கவில்லை, எழுதவில்லை, இயக்கவில்லை. நாடக உலகத்துக்கு அவள் கல்யாண வழியில் வந்த உறவு. படத்தில் எல்லோரைவிடவும் நல்லவள். முதல்முறை அவள் ஈவை உள்ளே அழைத்து வந்தது சுத்தமான இரக்கம். இரண்டாவது முறை அவள் செய்தது வேறு. மார்கோவின் முன்கோபத்தால் எல்லோரும் நொந்துபோயிருக்கிறார்கள். இவளுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும் என்று கேரன் முடிவு செய்கிறாள். ஊருக்கு வெளியே வாரக் கடைசியைக் கழித்துவிட்டு, மாலை நாடகத்துக்குத் திரும்ப ரயிலைப் பிடிக்க வேண்டும். காரில் பெட்ரோல் இல்லாதபடி கேரன் முன்பே செய்துவிட்டாள். கார் பனிக்கு நடுவே நின்றுவிடுகிறது. லாயிட் உதவி தேடி இறங்கி நடக்கிறான். உள்ளே இரண்டு பெண்கள், கம்பளி உரோமக் கோட்டுகள், குளிர். அங்கே நியூயார்க்கில் விமர்சகர்கள் ஒருவர் விடாமல் அரங்கில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முன்கூட்டியே ஈவ் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நல்லவர்கள் செய்யும் கெடுதல் எப்போதும் இந்த அளவில்தான் இருக்கும். ஒரு டேங்க் பெட்ரோல். கொலை இல்லை, மோசடி இல்லை, நாளைக்குச் சிரித்துவிட்டுப் போகலாம் என்ற அளவிலான விளையாட்டு. கேரனுக்கு மார்கோ மீது பொறாமை இருந்ததா? அவளைக் கேட்டால் சத்தியமாக இல்லை என்பாள். ஆனால் எப்போதும் மற்றவர்களுடைய நாடகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரே ஒரு நாள் தானே ஒரு நாடகத்தை இயக்கிப் பார்த்தாள். அந்தச் சுகம் எப்படிப்பட்டது என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

பிறகு என்ன நடக்கிறது? உணவகத்தின் பெண்கள் ஓய்வறையில் ஈவ் அவளை மடக்குகிறாள். கோரா வேடம் எனக்கு வேண்டும், லாயிடைச் சம்மதிக்க வை, இல்லாவிட்டால் பெட்ரோல் விஷயம் வெளியே போகும். கேரன் வெளிறிப்போய் மேசைக்குத் திரும்புகிறாள். அங்கே மார்கோ சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறாள். இயக்குநர் பில்லைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். அப்படியே போகிற போக்கில், கோராவாக நான் நடிக்கப் போவதில்லை, அந்த வயதெல்லாம் தாண்டிவிட்டது என்கிறாள். கேரன் சிரிக்க ஆரம்பிக்கிறாள். அடக்க முடியவில்லை. மேசையில் இருக்கும் மூவருக்கும் ஒன்றும் புரியவில்லை. செலஸ்ட் ஹோம் துணை நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டதற்கு அந்த ஒரு சிரிப்பே போதும். யாரைக் காட்டிக்கொடுக்க வேண்டுமோ அவளே இடத்தைக் காலி செய்துவிட்டாள். மிரட்டலுக்கும் வேலையில்லை, துரோகத்துக்கும் வேலையில்லை.

இந்த இடத்தில்தான் படத்தின் அடியில் ஓடும் விஷயம் தெரிகிறது. லாயிட் எழுதும் கதாநாயகிகளுக்கெல்லாம் இருபது சொச்சம் வயது. மார்கோவுக்கு நாற்பது. அவள் நடித்தால் எடுபடுகிறது, அதனால் லாயிடும் மாற்றி எழுதவில்லை. நாற்பது வயதுப் பெண்ணுக்கு ஒரு கதாபாத்திரம் எழுத யாருக்கும் தோன்றவில்லை. அவளுடைய காதலன் பில் அவளைவிட எட்டு வயது இளையவன், அவன் எப்போதும் அதே வயதில் இருக்கிற மாதிரியே இருப்பான் என்பது அவள் மனதை அரிக்கிறது. ஈவ் வராமல் இருந்திருந்தாலும் அந்த நாற்காலி காலியாகத்தான் போயிருக்கும். பின்வாசலில் வேறு எவளோ நின்றிருப்பாள்.

கார் காட்சியில் மார்கோ பேசும் நீளமான பேச்சு உங்களில் சிலரை நெளிய வைத்திருக்கும். என்னையும் நெளிய வைக்கிறது. மேலே ஏறும் அவசரத்தில் ஒரு பெண் எதையெல்லாம் கீழே போடுகிறாள், வீட்டில் ஓர் ஆண் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் எதற்கு என்கிற ரீதியில் போகும் பேச்சு. 1950இன் அமெரிக்கா பேசிய பேச்சு அது. யுத்த காலத்தில் வேலைக்குப் போன பெண்களை மறுபடி சமையலறைக்கு அனுப்பத் துடித்த காலம். படம் அதைக் கேலியாகச் சொல்கிறதா, நம்பிச் சொல்கிறதா என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்பித்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அதைப் பேசிய நடிகை அதன்படி நடக்கவில்லை. அதற்கு வருகிறேன்.

விமர்சகன் அடிசன் டிவிட்டைப் பற்றிப் பேசாமல் போனால் என் தொழில் தர்மத்துக்கு இழுக்கு. அவனாக நடித்தவர் ஜார்ஜ் சாண்டர்ஸ். நாக்கில் தேன் தடவிய கத்தி. படத்திலேயே ஈவிடம் ஏமாறாத ஒரே ஆண். நியூ ஹேவனில், கோராவின் முதல் காட்சிக்கு முன்னால், ஓட்டல் அறையில் அவள் முகத்திரையை அவன்தான் கிழிக்கிறான். உன் பெயர் ஈவ் இல்லை, கெர்ட்ரூட். எடி என்று ஒருவன் இருந்ததே இல்லை. பீர் ஆலை முதலாளியுடன் உறவு, ஊரைவிட்டுப் போக 500 டாலர். நீ மார்கோவை முதலில் பார்த்ததாகச் சொன்ன அரங்கு சான் பிரான்சிஸ்கோவில் இல்லவே இல்லை. ஈவ் ஒருமுறை சிரித்துப் பார்க்கிறாள், அடி விழுகிறது. அதன்பிறகு கட்டிலில் குப்புற விழுந்து அழுகிறாள். ஒப்பனை அறையில் அத்தனை பேரை அழ வைத்தவள், படத்தில் நிஜமாக அழும் இடம் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. இனி நீ எனக்குச் சொந்தம் என்று அவன் சொல்லிவிடுகிறான். அன்று இரவு அவள் மேடையேற வேண்டும். ஏறினாள், ஜெயித்தாள். மற்றவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள் என்றேன். சாவி இவன் பையில் இருந்திருக்கிறது.

இனி இந்தப் படம் எடுக்கப்பட்ட கதை. அது படத்தைவிடச் சுவாரசியம்.

ஆஸ்திரிய நாட்டிலிருந்து வந்த எலிசபெத் பெர்க்னர் என்ற நடிகை 1940களில் பிராட்வேயில் ஒரு நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அரங்கின் பின்வாசலில் தினமும் நின்ற ஒரு ரசிகையைச் சேர்த்துக்கொண்டதையும், அவள் கடைசியில் தன் இடத்துக்கே அடிபோட்டதையும் மேரி ஓர் என்ற நடிகையிடம் சொன்னார். மேரி ஓர் அதைச் சிறுகதையாக எழுத, 1946இல் 'காஸ்மோபாலிட்டன்' பத்திரிகையில் வந்தது. மேன்கிவிட்ஸ் அதை எடுத்துத் திரைக்கதை ஆக்கினார். அடிசனும் பேர்டியும் அவர் கொண்டுவந்தவர்கள். படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில் மேரி ஓர் என்ற பெயர் கிடையாது. இன்னொருவர் இடத்தை எடுத்துக்கொண்ட பெண்ணின் கதையை எழுதியவருக்கு அந்தப் படத்தில் இடமில்லை.

மார்கோ வேடத்துக்கு முதலில் தேர்வானவர் கிளாடெட் கோல்பர்ட். வேறொரு படத்தில் நடிக்கும்போது அவருக்கு முதுகில் அடிபட்டுவிட்டது. அதனால்தான் பெட்டி டேவிஸ் வந்தார். அப்போது அவருக்கு 42 வயது தொடக்கம். 18 ஆண்டுகள் இருந்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தைவிட்டு முந்தைய ஆண்டுதான் வெளியேறியிருந்தார். கடைசியாக வந்த படங்கள் எடுபடவில்லை. கல்யாணமும் முறிந்துகொண்டிருந்தது. டேவிஸை வைத்து முன்பு படமெடுத்த எட்மண்ட் கோல்டிங், இந்த அம்மாவிடம் மாட்டிக்கொள்ளாதே என்கிற மாதிரி மேன்கிவிட்ஸை எச்சரித்தாராம். படப்பிடிப்பு ஒரு தகராறும் இல்லாமல் போனது. அந்தக் கரகரத்த குரல் இருக்கிறதே, அதைத் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. படப்பிடிப்பு தொடங்கும்போது தொண்டையில் இரத்தக் குழாய் ஒன்று வெடித்துக் குரல் கம்மியிருந்தது. இருக்கட்டும், இதுதான் மார்கோவின் குரல் என்று இயக்குநர் வைத்துக்கொண்டார்.

விருந்துக் காட்சியில் அவர் போட்டிருக்கும் உடையையும் சொல்ல வேண்டும். வடிவமைத்தவர் எடித் ஹெட். படப்பிடிப்பு நாளன்று போட்டுப் பார்த்தால் மேல்பாகம் தொளதொளவென்று இருக்கிறது, அளவில் ஏதோ பிசகு. நேரமில்லை. எடித் ஹெட் பதறிப்போய் நிற்கிறார். டேவிஸ் கண்ணாடி முன் நின்று, கழுத்துப் பட்டியை இழுத்து இரண்டு தோள்களுக்கும் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, இப்படிப் போட்டால் நன்றாக இல்லை? என்று ஒரு தோளைக் குலுக்கினாராம். இன்று அந்தப் படத்தை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அந்தத் தோள்தான். அதே விருந்தில், பில்லுடன் வாக்குவாதம் செய்துகொண்டே ஒரு இனிப்பை எடுப்பதும் வைப்பதும் கடைசியில் ஆத்திரத்தோடு வாயில் போட்டுக்கொள்வதுமாக ஒரு சின்ன நடிப்பு வருகிறது. உடம்பு போட்டுவிடும் என்ற பயம், வயசாகிவிட்டது என்ற பயம், இவன் போய்விடுவானோ என்ற பயம் எல்லாம் அந்த ஒரு மிட்டாயில் இருக்கிறது. அந்த விருந்துக்கு வரும் வெள்ளை உடைப் பெண்ணை அடையாளம் தெரிந்ததா? இன்னும் பெரிய நட்சத்திரமாகாத மர்லின் மன்றோ.

அடுத்த ஆண்டு ஆஸ்கர். 14 பரிந்துரைகள். 1997இல் 'டைட்டானிக்' வரும்வரை அந்த எண்ணிக்கையை எந்தப் படமும் தொடவில்லை. நான்கு நடிகைகள் பரிந்துரைக்கப்பட்டார்கள். சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, ஜார்ஜ் சாண்டர்ஸ் எல்லாம் சேர்த்து ஆறு விருதுகள் கிடைத்தன. நான்கு பெண்களில் ஒருவருக்கும் இல்லை. ஈவாக நடித்த ஆன் பாக்ஸ்டர், துணை நடிகைப் பிரிவு வேண்டாம், டேவிஸோடு நாயகிப் பிரிவில்தான் நிற்பேன் என்று உறுதியாக இருந்தார். இருவருக்கும் வாக்கு பிரிந்துவிட்டது என்பது அன்றிலிருந்து சொல்லப்படும் கணக்கு. அதே பிரிவில் 'சன்செட் புலவார்டு' படத்துக்காக குளோரியா ஸ்வான்சனும் இருந்தார், அதுவும் வயதான நடிகையின் கதை. மூவரையும் தாண்டி ஜெயித்தவர் 'பார்ன் யெஸ்டர்டே' படத்தின் ஜூடி ஹாலிடே. அந்தக் கதை முதலில் பிராட்வேயில் நாடகமாக வந்தபோது நாயகி ஜீன் ஆர்தர். நியூயார்க்குக்கு வருமுன் வெளியூர் ஒத்திகைக் காட்சிகளிலேயே அவர் விலகிக்கொள்ள, சில நாட்களில் வேடத்தை மனப்பாடம் செய்து மேடையேறிப் பெயர் வாங்கியவர் ஜூடி ஹாலிடே. இன்னொருவர் காலி செய்த இடத்தில் நின்றவர்தான் ஈவையும் மார்கோவையும் சேர்த்துத் தோற்கடித்தார். எழுத்தாளன் கற்பனை செய்தால் மிகை என்று அடித்துவிடுவோம்.

படத்தில் ஈவ் வாங்கும் சாரா சிடன்ஸ் விருது பற்றியும் ஒரு வார்த்தை. சாரா சிடன்ஸ் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரிய ஆங்கில நடிகை, ஆனால் படம் வந்தபோது அவர் பெயரில் அப்படி ஒரு விருது கிடையாது. மேன்கிவிட்ஸ் விருதுகளைக் கேலி செய்வதற்காகவே அதை உண்டாக்கினார். படம் வந்த இரண்டு ஆண்டுகளில் சிகாகோவில் சாரா சிடன்ஸ் சங்கம் ஒன்றைத் தொடங்கி, அந்த விருதை நிஜமாகவே கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேலியை மாலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

1999இல் ஸ்பெயினின் பெட்ரோ அல்மோதோவார் எடுத்த 'என் அம்மாவைப் பற்றி எல்லாம்' படத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். தலைப்பே இதிலிருந்து வந்தது. அம்மாவும் பிள்ளையும் தொலைக்காட்சியில் 'ஆல் அபவுட் ஈவ்' பார்க்கிறார்கள், ஸ்பானிஷில் தலைப்பைத் தப்பாக வைத்திருக்கிறார்கள் என்று பையன் குறைப்படுகிறான். மறுநாள் மழையில் ஒரு நாடக நடிகையின் கையெழுத்துக்காகக் காத்து நின்று, அவள் டாக்சியின் பின்னால் ஓடி, வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறான். அவன் அம்மா அந்த நடிகைக்கே உதவியாளராகி, ஒரு நாள் இன்னொருத்திக்குப் பதிலாக மேடையும் ஏறுகிறாள். அங்கே சூழ்ச்சி இல்லை, துக்கம்தான் இருக்கிறது. அரங்கின் பின்வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் ஈவ் இல்லை என்று அல்மோதோவார் ஒரு பதில் சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

படத்தின் கடைசிக் காட்சிக்கு வருகிறேன். விருது வாங்கிய ஈவ், விருந்துக்குப் போகாமல் அறைக்குத் திரும்புகிறாள். உள்ளே ஒரு பள்ளிக்கூடப் பெண், தன்னை ஃபீபி என்று சொல்லிக்கொள்பவள், நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். புரூக்ளினிலிருந்து வந்த ரசிகை. ஈவ் போலீசைக் கூப்பிடப் போகிறாள், பிறகு கூப்பிடவில்லை. அந்தப் பெண் கண்ணாடிக் கோப்பைகளை அடுக்குகிறாள், பெட்டி கட்டுகிறாள், இதமாகப் பேசுகிறாள். ஈவுக்குக் களைப்பாக இருக்கிறது. கதவு தட்டப்படுகிறது. டாக்சியில் விட்டுவந்த விருதை அடிசன் கொண்டு வந்திருக்கிறான். ஃபீபி வாங்கிக்கொள்கிறாள். யார் வந்தது என்று ஈவ் உள்ளிருந்து கேட்க, டாக்சி டிரைவர் என்று கூசாமல் சொல்கிறாள். முதல் பொய். பிறகு ஈவின் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விருதை மார்போடு அணைத்தபடி, மூன்று பக்கக் கண்ணாடி முன் நின்று குனிந்து வணங்குகிறாள். கண்ணாடிக்குள் கண்ணாடியாக நூறு ஃபீபிகள்.

இங்கும் கவனியுங்கள், ஃபீபியும் பூட்டை உடைக்கவில்லை. விருதை அவள் கையில் கொடுத்தது அடிசன். அவளைப் போகச் சொல்லாமல் விட்டது ஈவ்.

படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், பில்லாக நடித்த கேரி மெரிலை டேவிஸ் கல்யாணம் செய்துகொண்டார். பத்து ஆண்டு கழித்து அதுவும் முறிந்தது. நடிப்பை அவர் விடவில்லை. 1970இல் இந்தக் கதை 'அப்ளாஸ்' என்ற பெயரில் பிராட்வேயில் இசை நாடகமாக வந்தது, மார்கோவாக லாரன் பக்கால். 1971இல் பக்கால் விலகியதும் அந்த வேடத்துக்கு வந்தவர் ஆன் பாக்ஸ்டர். இருபத்தொரு ஆண்டு கழித்து ஈவ் மார்கோவாகிவிட்டார். 1983இல் 'ஹோட்டல்' என்ற தொலைக்காட்சித் தொடரில் டேவிஸ் ஒப்பந்தமாகி முதல் பகுதியில் நடித்தார். புற்றுநோய், அறுவை சிகிச்சை, பக்கவாதம் என்று அடுத்தடுத்து வந்ததால் தொடர முடியவில்லை. அவர் இடத்தில் நடிக்க அழைக்கப்பட்டவரும் ஆன் பாக்ஸ்டர்தான். இம்முறை சூழ்ச்சி எதுவும் இல்லை, பெட்ரோலை யாரும் காலி செய்யவில்லை.

1985 டிசம்பரில் ஆன் பாக்ஸ்டர் காலமானார், வயது 62. பெட்டி டேவிஸ் எழுந்து நடமாடி, 1987இல் லிலியன் கிஷ்ஷோடு 'த வேல்ஸ் ஆஃப் ஆகஸ்ட்' படத்தில் நடித்தார். 1989 அக்டோபரில் அவர் இறந்தபோது வயது 81.